கிணற்றுக்குள் இறங்கிய ரோபோ

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அன்றைக்கும் குண்டடம் பக்கம் அண்ணன் தோட்டத்துக் கிணற்று மேட்டில் நின்று என் மகளைத் திட்டிக்கொண்டுதான் இருந்தேன். பாறையை வெட்டித் தோண்டிய கிணறு. அதற்குள் ரோபோவை இறக்கப் போகிறாளாம்!

பன்னிரண்டாவது முடித்திருந்தாள். நான் ஓவர்லாக் மெஷினில் ஓரம் தைக்கும் பனியன் கம்பெனியிலேயே, ஆபீசில் அவளுக்கு வேலை சொல்லி வைத்திருந்தேன். மேனேஜர் திங்கட்கிழமை வரச் சொல்லியிருந்தார். இவளோ இன்ஜினியரிங்தான் படிப்பேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். தண்ணீருக்குள் ஓடும் ரோபோ செய்யப் பள்ளியில் சொல்லிக்கொடுத்த நாளிலிருந்து பிடித்த பைத்தியம் அது.

"அது கெணத்தோட அடி வரைக்கும் போய்ட்டுத் தானா மேல வரட்டும், அப்பறம் உம்படிப்பப் பத்திப் பேசலாம். வரலீன்னா திங்கக்கெழமை என்கூடக் கம்பெனிக்கு வந்தரோணும்" என்று சொல்லிவிட்டேன். அவளும் ஒத்துக்கொண்டாள்.

பி.வி.சி. குழாயில் செய்த கூடு அது. நாலு சின்ன மோட்டார், ஒரு கேமரா, லேப்டாப் வரைக்கும் நீளமாக ஒயர். வீட்டுத் தொட்டியில் நன்றாகத்தான் ஓடியது. கிணற்றுப் பாறை உரசிவிடக் கூடாதென்று கிளம்பும்போது கூடு முழுக்கக் கம்பெனியில் கழித்துப் போடும் பனியன் வேஸ்ட் துணியைச் சுற்றிவிட்டாள். எங்கள் ஊரில் வேறென்ன சுற்றுவார்கள்? குழாய் ஒழுகினாலும் அதுதான், வண்டி சீட்டு கிழிந்தாலும் அதுதான். கிணற்றில் விட்டதும் ரோபோ முங்காமல் மிதந்தது. இரும்பு நட்டுகளைக் கட்டினாள். இறங்கியது.

இறங்கியது இறங்கியதுதான். அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. மோட்டார் சுற்றுகிறது, சேறு கலங்குகிறது என்றாள் மகள்; ஆனால் அது எழுந்திருக்கவே இல்லை.

"பாத்தியா! நாந்தான் அப்பவே சொன்னனே!" என்று ஒயரைப் பிடித்தேன்.

"அம்மா, இழுக்காதீங்க! அத்துப்போச்சுன்னா அங்கியே கெடக்கும்."

அழுவாள் என்று நினைத்தேன். அவள் தண்ணீர்மேல் வந்துகொண்டிருந்த குமிழிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"துணிக்குள்ள காத்து இருந்துருக்குதுங்கம்மா. அதனாலதான் மிதந்துச்சு. அது புரியாம நான் நட்டைக் கட்டிட்டேன். இப்பக் காத்து போயிருச்சு, கனம் மட்டும் நிக்குது."

"அதுக்கு இப்ப என்ன பண்றது?" என்றேன்.

அவள் லேப்டாப் பக்கம் திரும்பினாள். ரோபோவைத் தரையோடு தரையாக ஓட்டிப் போய்ப் பாறைச் சுவரில் முட்டினாள். முட்டி முட்டி மூக்கை மேல்பக்கம் நிமிர்த்தினாள். முன்னால் தள்ளுகிற மோட்டாரும் சேர்ந்து இப்போது மேலே தள்ளியது. சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறுகிற மாதிரி அது ஏற ஆரம்பித்தது.

அப்போதுதான் லேப்டாப்பைப் பார்த்தேன். ஐயோ, என்னவென்று சொல்வேன்! கடப்பாரை கொத்திய தழும்புகள் ஒவ்வொன்றாகக் கீழே போயின. பாறை இடுக்கிலிருந்து ஊற்றுநீர் சுரந்து மணல் துள்ளியது. மீன்குஞ்சுகள் கேமராவை வந்து முகர்ந்தன. மேலேயிருந்து வெயில் பச்சையாக இறங்கி வந்தது. நான் பிறந்து வளர்ந்த தோட்டம் அது. அந்தத் தண்ணீரைக் குடித்துத்தான் இத்தனை பெரியவளானேன். அதற்குள் இப்படியோர் இடம் இருப்பது எனக்குத் தெரியவே தெரியாது. உடம்பெல்லாம் சிலிர்த்தது. திட்டுவதற்கு வாய் வரவில்லை.

"ஏ அம்மிணி, கெணத்துக்குள்ள இத்தனை அழகா!" என்றார் பக்கத்தில் நின்று பார்த்த அண்ணன். கீழ்ப்படிக்கு இறங்கிப் போய், மேலே வந்த ரோபோவை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டார். துணியிலிருந்து தண்ணீர் கொட்டியது.

மகள் என் முகத்தைப் பார்த்தாள்.

நான் போனை எடுத்து மேனேஜரைக் கூப்பிட்டேன்.

"சார், திங்கக்கெழம நம்ம பாப்பா வராதுங்க."

"ஏனுங்க, வேற கம்பெனில சேத்திட்டீங்களா?"

"இல்லீங்க சார். அதுக்குத் தண்ணிக்குள்ள வேலை இருக்குதுங்க."