தவக்காலத்தில் நான் அவித்த கோர்ன்ட் பீஃப்

மகள் கட்டப்போகும் பெடியனின் தாய் முதன்முறையாக மல்வேர்னிலுள்ள எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருகிறார் என்றதும், கோர்ன்ட் பீஃப் என்ற மாட்டிறைச்சியை நானே சமைக்கிறேன் என்று வாயை விட்டேன். அவர் ஐரிஷ்காரி. மார்ச் மாதத்தில் ஐரிஷ்காரருக்கு அதுதான் விசேஷச் சாப்பாடாம். முப்பது வருடம் கனடாவில் இருந்தும் என் இங்கிலீசு பஸ் டிரைவருக்கு நன்றி சொல்வதோடு நின்றுவிடும். சமையலாவது எனக்காக நாலு வார்த்தை பேசட்டும், தன் மகன் நல்ல வீட்டில்தான் பெண் எடுக்கிறான் என்று அந்த மனுசி நினைக்கட்டும் என்று ஆசைப்பட்டேன்.

எப்படி அவிப்பது என்பதிலேயே மூன்று நாள் போனது. பிரஷர் குக்கரில் விசில் விட்டு இறக்குங்கோ என்றாள் மனைவி. ஓவனில் வையுங்கோ என்றாள் மகள். இரண்டு பேரையும் விட்டுவிட்டுப் போனில் வீடியோ பார்த்தேன். தாடிக்காரர் ஒருவர் ஸ்லோ குக்கரில் எட்டு மணித்தியாலம் என்றார். தாடியை நம்பினேன்.

சனிக்கிழமை விடியவே எழும்பி இறைச்சியை ஏற்றினேன். வழக்கமாகக் குழம்பை உள்ளங்கையில் விட்டு நக்கித்தான் உப்புப் பார்ப்பேன். ஆனால் அது தவக்காலம். ஈஸ்டர் வரை இறைச்சி தொடமாட்டேன் என்பது என் நேர்த்தி. அதனால் மூடியைத் திறந்து மணந்து பார்த்தேன். மணத்தில் உப்புத் தெரியவில்லை. இவ்வளவு பெரிய துண்டுக்குக் காணாதே என்று இரண்டு கை அள்ளிப் போட்டேன். அது ஏற்கெனவே உப்புத் தண்ணீரில் நாட்கணக்காக ஊறி வந்த இறைச்சி. பையிலே எழுதியிருந்ததாம். கண்ணாடி மேல்மாடியில் இருந்தது.

உப்புப் பார்த்தீர்களா என்று மனைவி கேட்டதற்கு ஓம் என்றேன். இறைச்சியைத்தான் விட்டிருந்தேன், பொய்யை விடவில்லை.

மாலையில் மேசைக்கு வந்தோம். எனக்கும் மனைவிக்கும் பிட்டும் மீன்குழம்பும். அந்தத் தாய் முதல் துண்டை வாயில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் மெல்லாமல் இருந்தார். பிறகு தண்ணீர் குடித்தார். பிறகு அடுத்த வாய். அவருடைய மகன் குனிந்து, கூடவே அவித்திருந்த கோவா இலைகளை மட்டும் கிளறிக்கொண்டிருந்தான். தட்டை அவர் வழித்து முடித்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. வேண்டாம் என்று சொல்ல விடாமல் இன்னொரு துண்டு வைத்தேன். அதையும் சாப்பிட்டார்.

அவர்கள் போனபின் மகள் தட்டுகளை எடுத்தபடி, இறைச்சி கடல்தண்ணி மாதிரி இருந்தது என்றாள்.

“பிறகேன் அவ முழுக்கச் சாப்பிட்டவ?”

“அவவும் தவக்காலத்திலை இறைச்சி சாப்பிடுறேல்லை அப்பா. இண்டைக்கு வந்த பிறகுதான் எனக்கே தெரியும். நீங்கள் விடியவே எழும்பி அவவுக்கெண்டு சமைச்சனீங்கள் எண்டு நான் சொன்னனான். அதாலைதான் சாப்பிட்டவ.”

மீன்குழம்பு பாதிச் சட்டி அப்படியே கிடந்தது. வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. ஈஸ்டருக்கு இன்னும் இரண்டு கிழமை. மிச்ச இறைச்சியில் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டேன். அந்த மனுசி இரண்டு பெரிய துண்டு சாப்பிட்டிருக்கிறார். என்னால் அந்த ஒரு வாயை விழுங்க முடியவில்லை.