மரியதாஸ் அண்ணை மெசின் வைத்த இடம்

குறிகாட்டுவான் இறங்குதுறையில் நெடுந்தீவு வள்ளத்துக்கு நின்றபோதுதான் கேள்விப்பட்டேன். மரியதாஸ் அண்ணை பெரியாஸ்பத்திரியில் மோசம் போய்விட்டாராம். சவப்பெட்டி முந்திய வள்ளத்தில் போய்விட்டதாம். அவரை அறிந்தவர்களே, உங்கள் வீட்டில் முதல் பல்பு எரிந்த நாளை நினைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முந்திய கதையை நான் சொல்கிறேன். அதில் என் மானமும் கொஞ்சம் போகும், போகட்டும்.

அது சண்டை நின்றிருந்த சமாதானக் காலம். டீசல் ஓரளவு தடையில்லாமல் தீவுக்கு வரத் தொடங்கியிருந்தது. அரசாங்கக் கரண்ட் எங்கள் பக்கத்துக்கு இன்னும் வரவில்லை. அண்ணை தன் வள்ளத்தையும் வலைகளையும் விற்று ஒரு பழைய ஜெனரேற்றர் வாங்கினார். கரண்ட் விற்பது சரிவராவிட்டால் திரும்பிப் போகக் கடற்றொழிலும் இல்லை. மெசினை வீடுகள் நெருக்கமான துறைப் பக்கம் வைக்கச் சொல்லி எல்லோரும் சொன்னார்கள்.

"விளக்கு எரியிறது பொழுதுபட்டு மூண்டு மணித்தியாலம்" என்றார் அவர். "பகல் முழுக்க மெசின் சும்மா நிண்டால் நான் என்னத்தைச் சாப்பிடுறது?"

பகலில் கரண்ட் எடுப்பவர்களைத் தேடிச் சைக்கிளில் அலைந்தார். கம்பி நீள நீளக் கரண்ட் மெலியும். ஆகவே பெரிய பாவனைக்காரருக்குப் பக்கத்திலேயே மெசின் இருக்க வேண்டும். என் அரைக்கும் மில்லுக்கும் வந்தார். என் டீசல் எஞ்சின் நின்று நின்று சேடம் இழுத்துக்கொண்டிருந்தது; மோட்டாரில் ஓட்ட எனக்கு ஆசை. ஒரு நாளைக்கு எத்தனை மணித்தியாலம் மில் ஓடும் என்று கேட்டார். ஆறு என்றேன். தன் மில் சும்மா கிடக்கிறது என்று எங்கள் தீவில் எந்த மில்காரர் சொல்லியிருக்கிறார்?

என் மதிலுக்குப் பின்னால் கொட்டில் போட்டு மெசினை இருத்தினார். கல்வேலிகளின் மேலாகக் கம்பி இழுத்தார். முதல் கிழமையிலேயே என் பொய் வெளுத்தது. காலையில் கொஞ்சம் அரைத்ததும் மோட்டார் நின்றுவிடும். அவருடைய மெசின் டீசலைக் குடித்துக்கொண்டு நிற்கும். நான் குசினி அடுப்படிக்குள் ஒளிந்துகொண்டேன். அவர் இரண்டு நாள் மெசினை நிறுத்திவிட்டு எங்கேயோ போனார். மூன்றாம் நாள் சைக்கிள் கரியரில் இரண்டு பற்றரிகளோடு வந்தார். றேடியோவும் ரீவியும் பற்றரியில் ஓடிய காலம். சார்ஜ் போட எங்கள் பக்கத்தில் இடமில்லை.

"இஞ்சை சார்ஜ் போடப் பற்றரி கொண்டு வாறவை அப்பிடியே நெல்லையும் மிளகாயையும் கொண்டு வரட்டும்" என்றார்.

வந்தார்கள். சில மாதங்களில் என் மில் உண்மையாகவே ஆறு மணித்தியாலம் ஓடியது.

போன மாதம், படுக்கையில் கிடந்தவரிடம் மனம் பொறுக்காமல் சொன்னேன்.

"அண்ணை, அண்டைக்கு ஆறெண்டு பொய் சொன்னனான். ரண்டு மணித்தியாலம்தான் ஓடினது."

"தெரியும் பிள்ளை. நான் வந்தண்டைக்கு உம்மடை மில் வாசல்லை நிண்டது ஒரு ஆடு மட்டும்தான்."

பிறகு ஏன் அங்கே வைத்தீர்கள் என்று கேட்டேன்.

"வெளிச்சம் எல்லாருக்கும் வேணும். மெசின்ரை சத்தமும் புகையும் தங்கடை மதிலுக்குக் கிட்ட வர ஒருத்தரும் விடேல்லை. ஓம் எண்டது நீர் ஒராள்தான்."

என் ஒரு ஓமுக்கு அவர் வைத்த மதிப்பை நான் வைத்துக்கொள்கிறேன். கூடவே ஒரு அரை மணித்தியாலத்தையும். அவர் அப்படிச் சொன்ன பிறகு மிச்சத்தைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ரண்டும் இல்லை, அண்ணை. ஒண்டரை.