ஏசியை நிறுத்தச் சொன்னவர்

பொதுப்பணித் துறையில் செயற்பொறியாளராக இருந்த சகாயமேரி இறந்துவிட்டார் என்ற செய்தி, தூத்துக்குடியிலிருந்து அவரை மாற்றச் சொல்லி மனுப் போட்ட ஒப்பந்தக்காரரிடமிருந்தே எனக்கு வாட்ஸ்அப்பில் வந்தது. ‘ஈடுசெய்ய முடியாத இழப்பு’ என்று எழுதிக் கைகூப்பும் படமும் வைத்திருந்தார்.

மேடத்துடன் பணியாற்றிய உங்களுக்கு அந்தக் கூட்டம் மறந்திருக்காது. திருச்செந்தூர்ப் பக்கம் ஒரு கடற்கரை ஊரில் பள்ளிக் கட்டடம், வரைபடம் என்னுடையது. குறைந்த விலை கேட்டவருக்கே வேலை என்பதுதான் வழக்கம். மேடமோ, மணல் எங்கிருந்து வருகிறது, கட்டடம் எவ்வளவு மின்சாரம் தின்னும் என்பதற்கும் மதிப்பெண் உண்டு என்று டெண்டரில் நிபந்தனை சேர்த்தார். அதை விளக்க ஒப்பந்தக்காரர்களை எங்கள் கண்ணாடி முகப்பு அலுவலகத்துக்கு அழைத்தார். சித்திரை மாதத்து நண்பகல். எல்லாரும் உட்கார்ந்ததும் ஏசியை நிறுத்தச் சொன்னார்.

“மேடம், ஆளக் கொல்லுதியளா?” என்றார் அதே ஒப்பந்தக்காரர்.

“இந்தக் கட்டடமும் குறைஞ்ச வெலைக்கு நீங்க கட்டுனதுதான அண்ணாச்சி. கொஞ்சம் இருந்து பாருங்க.”

“சன்னலையாவது தெறக்கச் சொல்லுங்க.”

“சன்னல் எங்க வச்சிய?”

சிரிப்பு அடங்கியதும் மேடம் சொன்னார்: “நம்ம தூத்துக்குடிக் கடல்ல பவளப்பாறை சும்மா கெடைக்குன்னு வெட்டிச் சுண்ணாம்பாக்குனோம். தீவே கரைஞ்சு போச்சு. அதுக்கு எந்த டெண்டர்ல வெல போட்டோம்?”

அடுத்த வாரமே மனு போனது. வரைபடம் போட்ட எனக்குச் சாதகமாக மேடம் அந்த நிபந்தனையை எழுதினாராம். நிபந்தனை ரத்தானது, மேடம் ஸ்ரீவைகுண்டத்துக்கு மாற்றப்பட்டார். மனுவில் இருந்தது பொய் என்று ஒரு வரி எழுத அங்கிருந்த எவருக்கும் கை வரவில்லை. அவர்கள் பெயர்கள் எனக்கு நினைவிருக்கின்றன.

பள்ளியை அதே ஆள்தான் கட்டினார். கடற்காற்றுக்காக வரைபடத்தில் நான் திறந்து வைத்திருந்த கிழக்குப் பக்கத்தில் மாடிப்படி வந்துவிட்டது. மதியமானால் பிள்ளைகள் வகுப்பில் இருக்க முடியாமல் வேப்பமரத்தடிக்கு வந்துவிடுகிறார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்த அன்று மேடத்திடம் தொலைபேசியில் கத்தினேன். பொறுமையாகக் கேட்டார்.

“கோவத்தச் செலவழிச்சிராதிய தம்பி. வச்சிக்கிடுங்க, அடுத்த டெண்டருக்கு வேணும்.”

ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு நெல் கிடங்குக்கு அதே நிபந்தனையை மறுபடி எழுதி மேலிடத்துக்கு அனுப்பினார். திரும்பி வந்தது. ஓய்வு பெறும்வரை ஒவ்வொரு கட்டடத்துக்கும் எழுதினார். ஒவ்வொன்றும் திரும்பி வந்தது.

வெள்ளிக்கிழமை இரங்கல் கூட்டம், நண்பகலில், அதே கண்ணாடிக் கட்டடத்தில். அந்த ஒப்பந்தக்காரரும் பேசுகிறாராம். பேசட்டும். அவர் எழுந்து நின்றதும் ஏசியை நிறுத்துவது என் பொறுப்பு. மேடம் வைத்துக்கொள்ளச் சொன்ன கோபம் என்னிடம் அப்படியே இருக்கிறது.