நாகலிங்கத்தார் சொல்லாமல் புறப்பட்ட நாள்

உடுவிலில் அந்த நாளில் பேப்பர் வாங்குகிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். மற்றவர்களுக்கெல்லாம் குழை லொறி நாகலிங்கத்தார்தான் பேப்பர். வன்னிக் காட்டில் வெட்டிய இலைகுழையைத் தோட்டங்களுக்குப் பசளையாக ஏற்றிவருவார். குழையோடு புதினமும் வரும். மனுசன் வாய் திறந்தால் லேசில் மூடமாட்டார்.

அதற்கொரு ஒழுங்கும் வைத்திருந்தார், பாழாய்ப்போன ஒழுங்கு. முதலில் லொறியின் சுகதுக்கம். பிறகு காடும் மழையும். பிறகு எலெக்சன். வீட்டுக்காரர் காத்திருக்கும் செய்தி கடைசியில்தான். தலைகீழாக நின்றாலும் மாற்றமாட்டார்.

இந்த ஒழுங்கால் அதிகம் வதைபட்டவள் குணலட்சுமி. அவள் புருசன் சீவரத்தினம் இரணைமடுப் பக்கம் காடு வெட்டிக் கமம் செய்யப் போய், மலேரியாக் காய்ச்சலில் படுத்துவிட்டான். அவன் இருக்கிறானா இல்லையா என்பதை நாகலிங்கத்தார் வாயால்தான் அவள் அறியவேண்டும்.

அன்று லொறிச் சத்தம் கேட்டதும் வேலிப் படலைக்கு ஓடிவந்தாள். வழக்கமாக முற்றத்துக்கு வந்து, செம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்துவிட்டுக் கதை தொடங்குகிறவர், அன்று படலைக்கு வெளியிலேயே நின்றார். தண்ணீரும் வேண்டாமென்றார்.

"பின் சில்லு ரண்டு தரம் காத்துப் போட்டுது பிள்ளை. மாங்குளத்திலை காடு ரோட்டை விட்டுத் தள்ளிப் போட்டுது. முந்தி இறங்கினவுடனை குழை, இப்ப அரைக் கட்டை உள்ளுக்கு நடக்கவேணும். இப்பிடியே வெட்டினால் மழை எங்கையிருந்து வாறது? எலெக்சனிலை வோட்டுப் போட எங்கடை ஆளுக்குப் பச்சைப் பெட்டியாம், மற்றவருக்குச் சிவப்பு..."

"அண்ணை, உந்தப் பெட்டியளை விடுங்கோ. அவர் எப்பிடி?"

"காய்ச்சல் விட்டிட்டுது. கஞ்சி குடிக்கிறான்."

சொன்னவர் திரும்பி லொறிக்கு நடந்தார். "வாறன்" என்று சொல்லவில்லை.

குணலட்சுமி அதைக் கவனித்துவிட்டாள். எந்த வீட்டிலிருந்து புறப்பட்டாலும் "வாறன்" என்று சொல்லித்தான் போவார்கள். செத்தவீட்டில் மட்டுந்தான் சொல்லாமல் கொள்ளாமல் எழும்பிப் போவது. மனுசன் உள்ளே வரவில்லை, தண்ணீர் குடிக்கவில்லை, சொல்லிக்கொள்ளவும் இல்லை. கஞ்சி குடிக்கிறான் என்றது தன்னைத் தேற்றச் சொன்ன பொய் என்றே அவள் முடிவுகட்டினாள்.

நாகலிங்கத்தார் லொறியை ஸ்டார்ட் பண்ண முன்னால் கம்பியை நுழைத்துச் சுழற்றிக்கொண்டிருந்தார். நல்லகாலம், அந்தச் சனியன் ஒரே சுழற்றில் எழும்புகிற லொறியல்ல. அவள் ஓடிவந்து கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னட்டை மறைக்காதையுங்கோ அண்ணை. அவர் எப்ப செத்தவர்?"

"என்ன விசர்க்கதை கதைக்கிறாய்? ஆர் சொன்னது?"

"நீங்கள்தான். சொல்லாமல் போறியள்."

அவர் கம்பியை விட்டுவிட்டு அவளையே பார்த்தார்.

"கண்ணாணை அவன் சுகமாய் இருக்கிறான் பிள்ளை. என்னோடை வரவெண்டு நிண்டவன். உடம்பு தேறட்டுமெண்டு நான்தான் விட்டிட்டு வந்தனான்." குரல் இறங்கிவிட்டது. "எங்கடை அக்கா போட்டா. முந்தநாள் அரியாலையிலை எரிச்சது. முதலாளி நிக்க விடேல்லை, செத்தவீட்டுத் துடக்கோடைதான் லொறி ஏறினனான். அதுதான் உள்ளுக்கு வரேல்லை. செத்தவீட்டிலை சொல்லாமல் எழும்பின வாய், இன்னும் அப்பிடியே நிக்குது."

குணலட்சுமி விம்மி விம்மி அழுதாள். புருசன் பிழைத்த சந்தோசம் பாதி, அந்த மனுசனுக்காகப் பாதி. எத்தனை நாள் இந்தப் படலையில் நின்று அவரிடம் புதினம் கேட்டிருப்பாள். உங்கள் வீட்டுப் புதினம் என்ன என்று ஒருநாளும் கேட்டதில்லை. அவரும் தன் அக்காவை எல்லாவற்றுக்கும் கடைசியில் வைத்து, சொல்லாமலே புறப்பட்டிருக்கிறார்.

"அக்காவுக்கு என்ன பேர் அண்ணை?"

"கனகாம்பிகை."

லொறியின் படியில் குந்திக்கொண்டு சொல்லத் தொடங்கினார். தாயில்லாத தன்னை அக்கா இடுப்பில் தூக்கித் திரிந்ததை, அவள் வைக்கிற இறால் குழம்பை, லொறி ஓட்டப் போகிறேன் என்றபோது கோபித்துக்கொண்டு முகம் பார்க்காமல் திரிந்ததை. சில்லும் வரவில்லை, பெட்டியும் வரவில்லை. குழை வெயிலில் வாடிக்கொண்டு கிடந்தது.

பிறகு எழும்பிக் கம்பியைச் சுழற்றினார். லொறி உருளத் தொடங்கியதும் தலையை வெளியே நீட்டினார்.

"பிள்ளை, வாறன்."

"ஓம் அண்ணை, வாங்கோ. வரேக்கை அவரையும் ஏத்திக்கொண்டு வாங்கோ."