ஏழுமலை என்று ஒரு பேர்

போன வாரம் ரெண்டு நிமிஷம் வாயை மூடிக்கொண்டு நின்றேன். என்னைத் தெரிந்தவர்கள் நம்ப மாட்டீர்கள்.

சண்டை நின்ற நாளை வருஷா வருஷம் நினைவு கூருகிறார்களே, அந்த நாள். பூந்தமல்லி மைதானத்தில் கூட்டம். ஜெர்மன் சண்டைக்குப் போய்த் திரும்பாத நம் பக்கத்து ஆட்களின் பேரை ஒருவர் படிக்க வேண்டும். பதினோரு மணிக்கு மணியடிக்கும், அப்புறம் ரெண்டு நிமிஷம் மௌனம். படிக்கிற வேலை எனக்கு. பள்ளிக்கூடத்து வாத்தியார், தொண்டை பெரிசு — அதுதான் என் யோக்கியதை.

லிஸ்டைக் கையில் வாங்கினேனோ இல்லையோ, ஒரு பெண் வழி மறித்தாள். வானகரத்துக்காரி. முப்பது வயசிருக்கும். நெற்றியில் காலணா அகலத்துக்குப் பொட்டு.

"வாத்தியாரே, எங்க ஊட்டுக்காரர் பேரை மட்டும் படிக்காதீங்க."

"அவர் பேர் என்னம்மா?"

புருஷன் பேரை வாயால் சொல்லலாமா? "திருப்பதில எத்தினி மலை கீது?" என்றாள்.

"ஏழு."

"அதான்."

பார்த்தேன். ஒன்பதாவது பேர் — ஏழுமலை, வானகரம். கடல் தாண்டி பஸ்ராவில் சண்டை போடப் போய்க் காணாமல் போனவன். இத்தனை வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு, பட்டாளத்து ஆபீஸ்காரர்கள் அவன் பேரையும் செத்தவர்களோடு சேர்த்துவிட்டார்கள்.

"காணோம்னுதானே கடுதாசி வந்துச்சு? செத்தாருன்னு எவன் பாத்தான்? நீங்க படிச்சிட்டா, சாயந்திரமே ஊர்ப் பொம்பளைங்க வந்து என் பொட்டை அழிச்சிடுவாங்க."

தாசில்தார் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஆரம்பித்துவிட்டேன். ஏழு... எட்டு... அவள் கண் கொட்டாமல் என் வாயையே பார்த்தாள். ஒன்பதை விட்டுப் பத்தாவது பேருக்குத் தாவிவிட்டேன். பெரிய புண்ணியம் கட்டிக்கொண்ட நினைப்பு எனக்கு.

மணி அடித்தது. மைதானம் அடங்கியது.

"எம் புள்ள பேரு வரலியே?"

முன் வரிசையில் ஒரு கிழவர். அவளுடைய மாமனார். சுற்றி இருந்தவர்கள் "உஷ்" என்றார்கள். அவர் அடங்கவில்லை.

"ஊட்ல அவன் பேரைச் சொல்ல ஆளில்ல நைனா. மருமவ சொல்லக் கூடாது. நான் சொன்னா அது அழுவுது. இங்கியாச்சும் நாலு பேர் கேக்கறமாரி சொல்லுவாங்கன்னுதான் நடந்து வந்தேன். அவன் சண்டைக்குப் போனதுகூடப் பொய்யா?"

யாரும் வாய் திறக்கவில்லை. திறக்கக் கூடாதே... ஒருத்திக்கு உபகாரம் என்று செய்தது, பெற்றவனுக்குத் துரோகமாகிவிட்டது. ரெண்டு நிமிஷம் இவ்வளவு நீளம் என்று யாருக்குத் தெரியும்?

மறுபடி மணி. அவள் கிழவரைப் பார்த்தாள். அப்புறம் நேரே என்னிடம் வந்தாள்.

"பேரைப் படிச்சிடுங்க வாத்தியாரே. பொட்டு என் சமாச்சாரம். எவ வராளோ வரட்டும், நான் பாத்துக்கறேன்."

படித்தேன். என் தொண்டை உடைந்துவிட்டது, ஆனாலும் கடைசி வரிசைக்குக் கேட்டிருக்கும்.

அந்த அம்மாள் இப்போது சுமங்கலியா, இல்லையா? சாஸ்திரம் தெரிந்தவர்கள் வானகரம் போய் அவளிடமே கேளுங்கள்... எனக்குத் தைரியம் இல்லை.