மாமியார் கழுவிய பீரங்கி வண்டி

புத்தம்புது வண்டியை அழுக்காக்குவதற்கு மாதக்கணக்கில் மெனக்கெட்டவன் அந்தத் தொண்ணூறுகளில் கோயம்புத்தூரிலேயே நான் ஒருவனாகத்தான் இருந்திருப்பேன்.

சிங்கப்பூரிலிருந்து மைத்துனர் கொண்டுவந்த பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டிச் செய்த, உள்ளங்கை நீளப் பீரங்கி வண்டி அது. பச்சை பெயிண்டோடு விட்டால் வெறும் பொம்மை. போருக்குப் போய்வந்த களை அதற்கு வர வேண்டும். பிரஷ்ஷைத் துணியில் துடைத்துவிட்டு, மிச்சம் ஒட்டியிருக்கும் பெயிண்டை ஓரங்களில் தேய்த்து, தேய்ந்த இரும்பின் தோற்றத்தைக் கொண்டுவந்தேன். பழுப்பு பெயிண்டில் டர்பன்டைன் கலந்து துரு வழியவிட்டேன். சாக்பீஸ் தூளைக் குழைத்துச் சக்கரங்களில் சேறு வைத்தேன். ஆயுத பூஜை முடிந்த ஞாயிற்றுக்கிழமை பெங்களூர் நண்பர் வந்து அதை அங்கே நடக்கும் மாதிரி வண்டிகள் கண்காட்சிக்கு எடுத்துப்போவதாக ஏற்பாடு. ஆபீஸ் முழுக்கப் பீற்றிக்கொண்டும் இருந்தேன்.

பூஜைக்கு ஒத்தாசையாக மாமியார் தாராபுரத்திலிருந்து வந்திருந்தார். என் முன்னால் உட்காரக்கூட மாட்டார். ஏதும் சொல்ல வேண்டுமென்றால் கதவோரம் நின்று, என் மனைவியைப் பார்த்துத்தான் சொல்வார்.

கம்பெனி பூஜை முடிந்து பொரிப் பொட்டலத்தோடு வீட்டுக்கு வந்தேன். சாமி படத்தின் முன்னால் அரிவாள்மணை, கத்தரிக்கோல், ஸ்கூட்டர் சாவி வரிசையில் என் வண்டியும் பளபளவென்று நின்றது. தேங்காய் நாரும் சோப்புத்தூளும் போட்டு, பெயிண்ட் உரிந்து வெள்ளைப் பிளாஸ்டிக் தெரியும்வரை தேய்த்திருந்தார் மாமியார். குழல்மேல் சந்தனம், குங்குமம். சக்கரத்துக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வேறு.

"எந்த அறிவுகெட்டது இதக் கழுவுச்சு?" என்று மனைவியிடம் கத்தினேன். யாரென்று தெரிந்தேதான் கேட்டேன். சமையலறையில் பாத்திரச் சத்தம் சட்டென்று நின்றது. எனக்குச் சோறும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

காலையில் கதவைத் திறந்தால் எதிரே மாமியார். கையில் வண்டி. செடித்தொட்டி மண்ணைக் குழைத்துச் சக்கரமே தெரியாமல் அப்பி, அதற்கு மேல் சட்டிக் கரியும் பூசியிருந்தார். முந்தானையெல்லாம் கரி. முதல்முறையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"மாப்பளைங்க, தெரியாம கழுவிப்போட்டனுங்க. பழையபடி அழுக்குப் பண்ணியிருக்கறனுங்க. இது போதுங்களா, இன்னும் கொஞ்சம் பூசோணுங்களா?"

கண்காட்சியாவது மண்ணாவது. எனக்குக் கூசிப்போயிற்று. அவர் என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

"போதுங்க அத்தை. நல்லா இருக்குதுங்க" என்று வாங்கிக்கொண்டேன். ஈரமண் என் கையிலும் ஒட்டியது. "சாப்ட்டீங்களா?" என்று கேட்டுவைத்தேன்.

அவர் மகளைப் பார்த்தார்.

"மாப்பள சாப்புடாம அம்மா எப்புடீங்க சாப்புடுவாங்க?" என்றாள் மனைவி. "நேத்துலருந்து பச்சத்தண்ணி பல்லுல படலீங்க."