பாலத்தடிக்குப் போன வெயில்

அக்கா பிளஸ் டூ படித்த வருடம், லாரி ஓட்டிய சித்தப்பா ஒரு பழைய முகப்பு விளக்கைக் கழற்றி வந்து அவளிடம் கொடுத்தார். அவளுக்கு வேண்டியிருந்தது அதன் பளபளப்பான கிண்ணம் மட்டும்தான். சிங்கப்பூர் மாமா வாங்கி வந்த அலங்கார விளக்கில் தலைமுடி போலத் தொங்கிய பிளாஸ்டிக் இழைகளை, அம்மாவுக்குத் தெரியாமல் ஏற்கெனவே பிடுங்கி வைத்திருந்தாள். கிண்ணத்தைச் சூரியனுக்குக் காட்டினால் வெளிச்சமெல்லாம் ஒரு புள்ளியில் குவியும். அந்த இடத்தில் இழைக்கட்டின் ஒரு முனையைக் கம்பியால் நிறுத்தி, மறுமுனையை நெற்குதிருக்குள் விட்டாள். விளக்கில்லாமல், தீயில்லாமல், குதிரின் அடிவரை தெரிந்தது. உள்ளே இருந்த எலிக்கு எங்களைவிட ஆச்சரியம்.

கள்ளக்குறிச்சியில் நடக்கவிருந்த அறிவியல் கண்காட்சிக்கு அதைக் கொண்டுபோவதாக ஏற்பாடு. கிண்ணத்தைப் பிடிப்பது ஒன்பது வயதுத் தங்கையான என் வேலை. "இருபது எண்றதுக்குள்ள திருப்பிடணும். இல்லன்னா சூட்டுல இழை உருகிடும்" என்று அக்கா பத்து தடவையாவது சொல்லியிருப்பாள்.

கண்காட்சிக்கு முதல் நாள், இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் தொடங்கியது. எங்கள் ஊர் கச்சிராயபாளையத்திலிருந்து ஒரு பஸ்ஸும் போகவில்லை. விடிந்ததும் அப்பா, கிண்ணமும் இழைகளும் வைத்த பெட்டியைச் சைக்கிளில் கட்டித் தள்ளிக்கொண்டு நடந்தார். நாங்கள் பின்னால் போனோம். பாதி வழியில் ஒரு புளியமரம் சாலையின் குறுக்கே வெட்டுண்டு கிடந்தது. அதன்மேல் முப்பது நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"பொட்டியில இன்னா?" என்றார் ஒருவர்.

அப்பா சொன்ன விளக்கம் அவருக்குப் புரியவில்லை. அப்பாவுக்கே புரிந்திருந்ததா என்பது சந்தேகம். அக்கா பெட்டியைத் திறந்து, இழைகளின் முனையைச் சாலையோரச் சிறுபாலத்தின் இருட்டுக்குள் நீட்டினாள். நான் மேலே கிண்ணத்தைப் பிடித்தேன். ஒவ்வொருவராகக் குனிந்து உள்ளே போய்ப் பார்த்தார்கள்.

"டேய், வெயில உள்ள இட்டுகினு வந்துட்ச்சுடா இந்தப் பொண்ணு!"

எனக்குப் பெருமை தாங்கவில்லை. எண்ணுவதையே விட்டுவிட்டேன். கருகிய வாசனை வந்த பிறகுதான் கிண்ணத்தைத் திருப்பினேன். இழைகளின் முனை மெழுகுபோல் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தது.

அக்கா என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். கூட்டத்தில் ஒருவர், மரம் கழித்த அரிவாளால் கருகிய பகுதியை மட்டும் பதமாக அரிந்து கொடுத்தார்.

"உன்ன மாதிரி புள்ளைங்க காலேஜுக்குப் போவணும்னுதாம்மா நாங்க இங்க குந்திகினு இருக்கோம்" என்றார்.

"அப்ப வழி வுடுங்கண்ணா" என்றாள் அக்கா.

எல்லோரும் சிரித்தார்கள். நாலு பேர் சேர்ந்து சைக்கிளை மரத்துக்கு மேலே தூக்கி அந்தப் பக்கம் இறக்கிவிட்டார்கள்.

கண்காட்சி நடக்கவிருந்த பள்ளிக்கூடத்தின் கதவு பூட்டியிருந்தது. "கண்காட்சிய ஒத்தி வச்சிட்டாங்களே, சொல்லலியா?" என்றார் காவலாளி. மூன்று மணிநேரத்துக்கு மேல் நடந்து வந்த நாங்கள், தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத் திரும்பினோம்.

பிற்பகலில் அதே இடத்துக்கு வந்தபோது மரத்தின்மேல் யாருமில்லை. சற்றுத் தள்ளி இரண்டு போலீஸ் வேன்கள் நின்றன. சாலை முழுக்கச் செருப்புகள். அக்கா குனிந்து அவற்றை ஜோடி சேர்த்து ஓரமாக வைக்க ஆரம்பித்தாள். எதற்கும் அவசரப்படுத்தும் அப்பா சைக்கிளைப் பிடித்தபடி காத்து நின்றார். நானும் விளையாட்டுப்போல் தேடித் தேடிச் சேர்த்தேன். பல ஒற்றையாகவே கிடந்தன.

"ஒத்தச் செருப்போட எப்படிப்பா நடந்து போயிருப்பாங்க?" என்று கேட்டேன்.

"வா, வூட்டுக்குப் போலாம்" என்றார் அப்பா.

சாப்பிடப் போயிருக்கிறார்கள், சாயங்காலம் வந்துவிடுவார்கள் என்று நானாக முடிவு செய்துகொண்டேன். மறுநாள் காலையில் அக்காவிடம் கேட்டேன்: "எல்லாரும் வந்து அவங்கவங்க செருப்ப எடுத்துகினு போயிருப்பாங்கல்ல?"

"போயிருப்பாங்க" என்றாள், என்னைப் பார்க்காமல்.

எனக்கு நிம்மதியாக இருந்தது.